கார் பின்னால் ஒரு குட்டி வீடு: கல்லாறு போன்ற மலைச்சாலைக்கு டிரெய்லர் வாங்கும் முன் என்னவெல்லாம் பார்க்கணும்?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு டிரிப் போனவர்களுக்குக் கல்லாறு தெரிந்திருக்கும். ஊட்டி போகும் வழியில் மேட்டுப்பாளையம் பக்கத்தில் வரும் கல்லாறு இல்லை, இது கேரளத்துக் கல்லாறு. உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஓடும் ஆறு, சில கடைகள், சுற்றிலும் காடு. அங்கிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஏற்றம் தொடங்கிவிடும். எண் போட்ட 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி.

இப்போது அதே சாலையில் உங்கள் கார் பின்னால் ஒரு சின்னப் படுக்கையறை உருண்டு வருவதாகக் கற்பனை செய்து பாருங்கள். உள்ளே மெத்தை, பின்கதவைத் தூக்கினால் அடுப்பங்கரை, மேலே சோலார் தகடு. ரீல்ஸில் பார்க்கும்போது அருமையாத்தான் இருக்கும். டெக்னோபார்க்கிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலை லேப்டாப்பை மூடியதும் மலையைப் பார்த்துக் கிளம்ப நினைப்பவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்புதான்.

ஆனால் விற்பவரிடம் "உள்ளே என்னென்ன வசதி இருக்கு?" என்று கேட்பதற்கு முன் நீங்களே பதில் தேட வேண்டிய கேள்விகள் நாலு. எடை எவ்வளவு? அகலம் எவ்வளவு? பேப்பர் சரியா? ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேரவனும் டிரெய்லரும் ஒன்றா?

கேரவன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் பெரிய வண்டி. அதற்குச் சொந்த இன்ஜின் உண்டு. சட்டத்தின் பார்வையில் அது 'மோட்டார் கேரவன்'.

நாம் இங்கே பேசுவது இன்ஜின் இல்லாத, காரோடு மாட்டி இழுத்துப் போகும் சின்ன டிரெய்லரைப் பற்றி. இதில் பொதுவாக நாலு வகை உண்டு.

முதலாவது 'டியர்டிராப்'. பக்கவாட்டில் பார்த்தால் கண்ணீர்த்துளி வடிவம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. சமையல் பின்பக்கம், வெளியே நின்றுகொண்டு. அமெரிக்காவில் 1930-களிலேயே வந்துவிட்ட வடிவம் இது.

இரண்டாவது, சாமான் ஏற்றும் சின்ன டிரெய்லரின் மேல் மடக்குக் கூடாரம் பொருத்தியது. மூன்றாவது 'பாப்-டாப்', அதாவது நிறுத்திய பிறகு கூரையை மேலே தூக்கிக்கொள்ளும் வகை. நான்காவது, நின்று நடக்கும் உயரமும் கழிப்பறையும் உள்ள முழு அளவு வீடு.

கல்லாறு போன்ற சாலை உங்கள் மனதில் இருந்தால் நான்காவதை இப்போதே மறந்துவிடலாம். உயரமும் அகலமும் எடையும் கூடக்கூட அங்கே நீங்கள் ரசிக்கும் நேரம் குறைந்து, பயப்படும் நேரம் கூடும். மீதி மூன்றில்தான் தேர்வு.

முதலில் எடை: உங்கள் கார் எவ்வளவு இழுக்கும்?

"என் கார்ல நல்ல பவர் இருக்கு, இழுத்துடும்" என்று பலர் சொல்வார்கள். இழுப்பது பெரிய விஷயம் இல்லை. நிறுத்துவதுதான் விஷயம்.

ஒரு காருக்கு எவ்வளவு எடையை இழுக்க அனுமதி என்பதைக் கார் நிறுவனம் இரண்டு எண்களாகச் சொல்லும். டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தால் ஒரு எண், இல்லாவிட்டால் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

சுஸுகி ஜிம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கதவு ஜிம்னி குருகிராமில் தயாராகி ஆஸ்திரேலியாவுக்கும் ஏற்றுமதியாகிறது. அங்கே அதற்கு அறிவித்திருக்கும் இழுவைத் திறன், டிரெய்லருக்கு பிரேக் இருந்தால் 1,300 கிலோ. பிரேக் இல்லையென்றால் வெறும் 350 கிலோ. காரும் இன்ஜினும் மாறவில்லை. டிரெய்லரில் பிரேக் இருக்கிறதா என்பது மட்டுமே மாறுகிறது.

இந்தியாவில் விற்கும் பல கார்களின் கையேட்டில் இந்த எண்ணே இருக்காது. 'டோயிங்' என்ற தலைப்பில் இருப்பது பெரும்பாலும் கார் பழுதானால் அதை எப்படி இழுத்துப் போவது என்பதுதான். காரின் முன்னும் பின்னும் திருகி மாட்டும் கொக்கியும் அதற்காகவே. அது டிரெய்லர் மாட்டும் இடம் இல்லை. எனவே முதல் வேலை, உங்கள் கார் நிறுவனத்துக்கு மெயில் போட்டு இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குவது. இந்த மாடல் டிரெய்லர் இழுக்கலாமா, எவ்வளவு? டோ ஹிட்ச் பொருத்தினால் வாரண்டி என்னாகும்? ஷோரூம் ஊழியர் வாயால் சொல்லும் "பண்ணலாம் சார்" கணக்கில் வராது.

காலி எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது காலி டிரெய்லரின் எடை. நீங்கள் இழுக்கப் போவது நிரப்பிய டிரெய்லரை.

உதாரணத்துக்கு, காலி எடை 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 லிட்டர் தண்ணீர் என்றால் 60 கிலோ. சின்ன ஃபிரிட்ஜ், பேட்டரி, அடுப்பு, 5 கிலோ எரிவாயு சிலிண்டர், ஸ்டெப்னி, வெய்யில் மறைப்புத் துணி, மடக்கு நாற்காலிகள், மெத்தை, துணிமணி, அரிசி பருப்பு எல்லாம் சேர்த்தால் இன்னொரு 150 கிலோவைச் சுலபமாகத் தொடும். மொத்தம் 660 கிலோ ஆயிற்று.

இந்த மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு காரின் பின்புறக் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும் என்பது பொது விதி. நம் கணக்கில் 66 கிலோ. அது ரொம்பக் குறைந்தால் வேகம் பிடிக்கும்போது டிரெய்லர் பாம்பு மாதிரி இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ரொம்பக் கூடினால் காரின் பின்பக்கம் அழுந்தி முன்சக்கரங்களின் பிடி குறையும். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ இருக்கின்றனவா என்று பாருங்கள். கனமான பொருளை எல்லாம் கடைசியில், சமையலறைப் பக்கம் அடைத்து வைப்பதுதான் பலர் செய்யும் தவறு.

சந்தேகம் இருந்தால் ஊரில் இருக்கும் எடை மேடைக்கு ஒரு நடை போய்வாருங்கள். லாரிக்காரர்கள் போகும் அதே இடம்தான். சில நூறு ரூபாய்க்குள் உண்மை தெரிந்துவிடும்.

இறக்கத்தில் என்ன நடக்கும்?

நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் இறங்கும் சரிவில் 700 கிலோ டிரெய்லர் காரை முன்னால் தள்ளும் விசை, ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமம். கேட்க சின்னதாகத் தெரியலாம். ஆனால் அந்தத் தள்ளல் மேலிருந்து கீழ் வரும்வரை ஒரு நொடிகூட நிற்காது. அதோடு ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் நீங்கள் வேகத்தைக் குறைக்கும்போது, அந்த 700 கிலோவின் வேகத்தையும் சேர்த்தே குறைக்க வேண்டும். டிரெய்லருக்கு பிரேக் இல்லையென்றால் அத்தனை வேலையும் காரின் பிரேக் தலையில். அது சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போவதைத்தான் 'பிரேக் ஃபேட்' என்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் டிரெய்லரின் எடை 750 கிலோவைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் கட்டாயம். ஐரோப்பாவிலும் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் எல்லை. அது சமதளச் சாலைகளையும் சேர்த்து வைத்த வரம்பு. மலைக்கு என்றே வாங்குபவர் 500 கிலோ டிரெய்லருக்கும் பிரேக் கேட்பதில் தப்பே இல்லை.

பிரேக்கில் இரண்டு வகை பரவலானவை. ஒன்று 'ஓவர்ரன்'. கார் வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் முட்டும் அழுத்தத்திலேயே அதன் பிரேக் பிடிக்கும். காரில் எந்த வயரிங்கும் தேவையில்லை, ஆனால் நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்து அதுவும் சூடாகும். ரிவர்ஸ் எடுக்கும்போது தானாக விடுபடும் அமைப்பு உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று மின்சார பிரேக். காருக்குள் ஒரு கன்ட்ரோலர் வேண்டும், செலவும் கூடுதல். ஆனால் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும். எது இருந்தாலும் இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாவது கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரல் போட்டு இறங்கும் பழக்கம் உள்ளவர்கள் டிரெய்லரைத் தொடவே வேண்டாம்.

கொண்டை ஊசி வளைவும் அகலமும்

வளைவில் திரும்பும்போது டிரெய்லரின் சக்கரங்கள் காரின் சக்கரங்கள் போன தடத்திலேயே போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். கார் தப்பித்த இடத்தில் டிரெய்லரின் சக்கரம் ஓடையில் இறங்கும், அல்லது மைல்கல்லில் உரசும்.

இதைச் சமாளிக்க மூன்று விஷயம் உதவும். டிரெய்லரின் மொத்த அகலம் காரின் அகலத்தைத் தாண்டாமல் இருப்பது. இரண்டு சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் காரோடு ஒத்துப்போவது. மொத்த நீளம் குறைவாக இருப்பது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் டிரெய்லரின் ஓரம் தெரியவில்லை என்றால் அது ஒல்லி, நல்லது. கண்ணாடியை மறைத்துக்கொண்டு நின்றால் அந்தச் சாலைக்கு அது குண்டு.

பொன்முடி பாதையில் கேரள அரசுப் பேருந்தும் ஓடுகிறது. வளைவில் எதிரும் புதிருமாகச் சந்தித்தால் யாராவது ஒருவர் பின்னால் போயே ஆக வேண்டும். குறுகலான மலைச்சாலையில் மேலே ஏறும் வண்டிக்கு முன்னுரிமை என்பது விதி. ஆகவே இறங்கும்போது ரிவர்ஸ் எடுக்க வேண்டியவர் நீங்களாக இருக்கலாம். டிரெய்லரோடு ரிவர்ஸ் என்பது தலைகீழ் விளையாட்டு. டிரெய்லர் இடதுபக்கம் போகணும்னா ஸ்டீயரிங்கை முதலில் வலதுபக்கம் திருப்பணும். கொஞ்சம் அதிகமானால் காரும் டிரெய்லரும் பேனாக்கத்தி மாதிரி மடங்கிக்கொள்ளும். காலியான மைதானத்தில் ரெண்டு மூணு ஞாயிற்றுக்கிழமை பழகாமல் மலைப்பக்கம் போகாதீர்கள்.

கரடுமுரடான சாலையில் எது உடையும்?

படுக்கையும் அலமாரியும் பார்க்க அழகு. உடைவது எல்லாம் கீழே இருப்பவை. எனவே டிரெய்லரைப் பார்க்கப் போகும்போது பழைய சட்டை போட்டுப் போங்கள், கீழே படுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

காரோடு இணைக்கும் முன்கம்பியும் சேஸிஸும் சேரும் இடத்தில் வெல்டிங் எப்படி இருக்கிறது? குழியில் விழும் ஒவ்வொரு தடவையும் அடி வாங்குவது அந்த இடம்தான். இரும்பில் வெறும் பெயின்ட் அடித்திருக்கிறார்களா, அல்லது முழுச் சட்டத்தையும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த 'கால்வனைஸ்டு' சேஸிஸா? மேற்குத் தொடர்ச்சி மலையில் ரெண்டு பருவமழையும் பெய்யும். வெறும் பெயின்ட் அதைத் தாங்காது.

சஸ்பென்ஷனில் லீஃப் ஸ்பிரிங்கும் உண்டு, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் இண்டிபென்டன்ட் வகையும் உண்டு. இரண்டாவதில் குலுங்கல் குறைவு. ஆனால் லீஃப் ஸ்பிரிங் உடைந்தால் விதுராவிலோ தென்காசியிலோ இருக்கும் பட்டறையில் சரிசெய்ய வாய்ப்பு அதிகம். வெளிநாட்டு உதிரிபாகம் என்றால் கூரியர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நடுக்காட்டில் நிற்கும்போது எது நல்லது என்று யோசித்துத் தேர்வு செய்யுங்கள்.

டிரெய்லரின் சக்கரமும் காரின் சக்கரமும் ஒரே அளவு, ஒரே போல்ட் அமைப்பு என்றால் ஒரு ஸ்டெப்னி ரெண்டுக்கும் உதவும். சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு டயர் பஞ்சரானால் அதன் அருமை புரியும். வீல் பேரிங்குக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் மாற்ற வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

கடைசியாகக் கொக்கி. உருண்டைத் தலை உள்ள சாதாரண டோ பால், தார்ச்சாலைக்குப் போதும். ஒரு சக்கரம் பாறை மேல், ஒரு சக்கரம் பள்ளத்தில் என்று போகும் பாதையில் டிரெய்லர் காரைவிட வேறு கோணத்தில் சாயும். அதற்கு எல்லாப் பக்கமும் சுழலும் 'ஆர்ட்டிகுலேட்டட்' இணைப்பு பாதுகாப்பானது. எந்த வகை என்றாலும் சேஃப்டி செயின் இல்லாமல் எடுக்காதீர்கள்.

பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ்: சட்டம் என்ன சொல்கிறது?

"இன்ஜினே இல்லையே, இதுக்கு எதுக்கு ரெஜிஸ்ட்ரேஷன்?" என்று சில விற்பனையாளர்கள் சொல்லக்கூடும். நம்பாதீர்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்குள் டிரெய்லரும் அடக்கம் என்று தெளிவாகவே இருக்கிறது. ஆகவே தனிப் பதிவு எண், தனி ஆர்சி, தனி இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. 2004-ல் மத்திய அரசு வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில், சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேனும் டிரெய்லரும் 'போக்குவரத்து அல்லாத வாகனம்' என்ற பிரிவில் வருகின்றன. அதாவது உங்கள் சொந்தக் கார் மாதிரியே பதிவு செய்யலாம். வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்று நினைத்தால் கதை வேறு, அப்போது அது வணிக வாகனம் ஆகிவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய காகிதங்கள் மூன்று. விற்பனைச் சான்றான படிவம் 21, சாலைத் தகுதிக்குத் தயாரிப்பாளர் தரும் படிவம் 22, அந்த மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற சோதனை அமைப்பு அளித்த ஒப்புதல். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்றவை அத்தகைய அமைப்புகள். பக்கத்து லேத் பட்டறையில் பாதி விலைக்கு அழகாகவே செய்து தருவார்கள். ஆனால் ஒப்புதல் இல்லாத டிரெய்லரை ஆர்டிஓ பதிவு செய்ய மறுத்தால் அது உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் விலையுயர்ந்த இரும்புப் பெட்டி, அவ்ளோதான்.

காரில் டோ ஹிட்ச் பொருத்துவதும் கவனிக்க வேண்டிய விஷயம். ஆர்சியில் உள்ள விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை விதிக்கிறது. உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கார் நிறுவனமே தரும் ஹிட்ச் என்றால் பேச்சு சுலபமாக முடியும்.

இன்சூரன்ஸில், டிரெய்லருக்குத் தேர்ட் பார்ட்டி பாலிசி எடுத்தால் மட்டும் போதாது. கார் பாலிசியிலும் 'டிரெய்லர் இழுக்கும்போது நடக்கும் விபத்துக்கும் பொறுப்பு உண்டு' என்பதை உறுதிசெய்யுங்கள். லைசென்ஸ் பற்றி 2001-ல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவு தந்தது. டிராக்டர் ஓட்ட உரிமம் உள்ளவர், அதில் டிரெய்லர் மாட்டிய ஒரே காரணத்தால் உரிமம் இல்லாதவராகிவிட மாட்டார் என்பது தீர்ப்பு. அது டிராக்டர் வழக்கு. கார் விஷயத்தில் உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனம் என்ன சொல்கிறது என்பதை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நாகர்கோவிலில் பதிவு செய்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவரா? வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இது டிரெய்லருக்கும் பொருந்தும்.

ராத்திரி எங்கே நிறுத்துவது?

அழகான இடத்தைப் பார்த்ததும் ஓரம் கட்டிப் படுத்துவிடலாம் என்பது ஆஸ்திரேலிய வீடியோக்களில் நடக்கும். இங்கே அப்படி இல்லை. கல்லாறு, பொன்முடி பக்கம் பெரும்பகுதி வனத்துறைப் பகுதி. அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைவதே 1961-ஆம் ஆண்டின் கேரள வனச் சட்டப்படி குற்றம். பொன்முடிக்குப் போகச் சோதனைச் சாவடியும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. கனமழை எச்சரிக்கை வந்தால் பயணிகளை மேலே விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

ஆற்றங்கரையும் வேண்டாம். கல்லாற்றில் நீங்கள் நிற்கும் இடத்தில் வெய்யில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் கொட்டிய மழை சத்தமில்லாமல் வந்து சேரும். கார் மட்டும் என்றால் ஒரு நிமிடத்தில் கிளப்பிவிடலாம். டிரெய்லரை மாட்டி, கால்களை மடக்கி, பிளக் செருகிக் கிளம்ப நிதானமாகவே பத்து நிமிடம் ஆகும்.

சட்டப்படி நிறுத்த வழி இருக்கிறது. 2021-ல் கேரள சுற்றுலாத்துறை 'கேரவன் கேரளா' என்ற கொள்கையை அறிவித்தது. கேரவன் வாங்குபவர்களுக்கு மானியம், தனியார் நிலத்தில் கேரவன் பூங்கா என்பது அதன் திட்டம். வாகமனில் முதல் பூங்கா 2022-ல் வந்தது. இந்த மானியம் சுற்றுலாத் தொழில் செய்பவர்களுக்கானது, உங்கள் சொந்த டிரெய்லருக்குக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். பூங்கா இல்லாத இடத்தில், போகும் முன்பே ஒரு ஹோம்ஸ்டேக்குப் போன் செய்து "முற்றத்தில் டிரெய்லர் நிறுத்தலாமா சேட்டா, தண்ணியும் பாத்ரூமும் கிடைக்குமா?" என்று பேசி வைப்பதே நடைமுறையில் நல்ல வழி.

தமிழ்நாட்டுப் பக்கம் என்றால், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்பும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூங்கும்போது மூச்சு: இதைத் தள்ளிப் போடாதீர்கள்

2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் அந்த வண்டியிலேயே சோதனை செய்து பார்த்தார்கள். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு, தரையில் இருந்த துளை வழியாக உள்ளே கசிந்தது தெரியவந்தது.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். டியர்டிராப்பின் உட்புறம் அந்தக் கேரவனைவிட எத்தனையோ மடங்கு சின்னது. எனவே உள்ளே அடுப்பு, கரி, கொசுவர்த்தி எதுவும் வேண்டாம். ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம். எரிவாயு சிலிண்டர் வெளிப்புறப் பெட்டியில் இருக்க வேண்டும், அந்தப் பெட்டியின் அடியில் துளை வேண்டும், ஏனென்றால் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். மூடவே முடியாத காற்றுத் துளைகள் இரண்டாவது இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். மெத்தைக்குக் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கரண்டுக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று போதும். சுமார் 1.28 யூனிட் அதில் இருக்கும். விளக்கு, சின்ன மின்விசிறி, லேப்டாப், போன், சிறிய ஃபிரிட்ஜ் எல்லாம் ஓர் இரவும் பகலும் தாங்கும். ஏசி தாங்காது. காட்டு நிழலில் சோலார் தகடு பாதி நேரம் சும்மா இருக்கும், கார் ஓடும்போதே பேட்டரி சார்ஜ் ஆகும் இணைப்பைக் கேளுங்கள். பொன்முடி உயரத்தில் ராத்திரி ஏசியும் தேவைப்படாது.

கணக்கு கட்டுப்படியாகுமா?

இஎம்ஐ எவ்வளவு என்று பார்க்காதீர்கள். ஓர் இரவுக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. டிரெய்லர், ஹிட்ச், வரி, பதிவு எல்லாம் சேர்த்து 6 லட்சம் ரூபாய். ஐந்து வருடம் கழித்து 3 லட்சத்துக்கு விற்கிறீர்கள். இடையில் இன்சூரன்ஸ், பராமரிப்பு, நிறுத்தும் இடத்துக்கு வருடம் 15,000 ரூபாய். ஆக ஐந்து வருடச் செலவு 3.75 லட்சம்.

வருடத்துக்கு 15 இரவு தங்கினால் மொத்தம் 75 இரவு, ஓர் இரவுக்கு 5,000 ரூபாய். அந்தக் காசுக்கு நல்ல ரிசார்ட்டே கிடைக்கும். வருடத்துக்கு 40 இரவு என்றால் 1,875 ரூபாய். அப்போது யோசிக்கலாம். கேள்வி என்னவென்றால், உங்களுக்கு வருடத்தில் எத்தனை நாள் லீவு இருக்கிறது?

இன்னொன்று, அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் டிரெய்லரை எங்கே நிறுத்துவது என்பதை முதலில் தீர்க்க வேண்டும். ஒரு கார் பார்க்கிங்குக்கே அசோசியேஷனில் சண்டை நடக்கும் ஊர் இது.

அப்போ என்ன செய்யலாம்?

ஆசை இருக்கிறது, அவசரம் வேண்டாம் என்பவர்களுக்கு இந்த வரிசை உதவும்.

முதலில் ஒரு சாதாரணக் கூடாரத்தோடு அனுமதி உள்ள முகாம்களில் நாலைந்து தடவை தங்கிப் பாருங்கள். வெளியே தூங்குவது பிடிக்கிறதா, வீட்டில் உள்ளவர்களுக்கும் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். கழிப்பறை இல்லாத டிரெய்லரில் ரெண்டாவது நாள் காலையில்தான் உண்மை புரியும்.

பிடித்திருந்தால், பதிவும் இன்சூரன்ஸும் உள்ள டிரெய்லரோ கேம்பர் வேனோ வாடகைக்குக் கிடைத்தால் ஒரு வார இறுதிக்கு எடுத்துப் பாருங்கள். பிறகு கார் நிறுவனத்தின் எழுத்துப் பதில், ஆர்டிஓ பதில், இன்சூரன்ஸ் பதில் மூன்றும் கைக்கு வந்தபின் விற்பவரிடம் போங்கள். நிரப்பிய எடை, பிரேக், அகலம், படிவங்கள் நான்கையும் சரிபாருங்கள். முழுத்தொகை கொடுப்பதற்கு முன், பதிவு முடிந்து எண் வந்த பிறகே மீதி என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வாங்கியதும் நேராகப் பொன்முடிக்குப் போக வேண்டாம். முதல் டிரிப் சமவெளியில், அதுவும் பகலில். இரண்டாவது, கல்லாறு வரை. ஆற்றின் பக்கத்து ஊரில் யாருடைய முற்றத்திலாவது ஒரு ராத்திரி தங்குங்கள். மறுநாள் டிரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு, காரில் மட்டும் 22 வளைவையும் ஏறி இறங்கி, எங்கே அகலம் இருக்கிறது, எங்கே ஒதுங்க முடியும் என்று பார்த்து வாருங்கள்.

பார்த்துவிட்டு "டிரெய்லர் கீழேயே இருக்கட்டும், மேலே காரிலேயே போயிடலாம்" என்று தோன்றினால் அதில் ஒரு குறையும் இல்லை. கழற்றி வைத்துவிட்டுப் போக முடிவதுதான் கேரவன் வேனைவிட டிரெய்லரில் இருக்கும் பெரிய வசதியே.